நான்கு சாம்ராஜ்யங்கள், ஒரு லேப்டாப்: எதை வாங்கலாம்?

கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தால் போதும், நண்பர்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சாம்ராஜ்யம் கட்டுற மாதிரி ஒரு கேம் சொல்லுங்க. ஒண்ணுதான் வாங்குவேன்." உடனே நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. சிவிலைசேஷன் 6. க்ரூசேடர் கிங்ஸ் 3. யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4. நான்குமே நல்ல ஆட்டங்கள் என்பதுதான் சிக்கல். மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் எல்லாமே நல்ல மதிப்பெண் வாங்கியவை. கிராஃபிக்ஸ் பார்த்து எடுக்கலாம் என்றால், இந்த வகை ஆட்டங்களில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

யாராவது என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். உங்களுக்குக் கிடைக்கும் நேரம் எப்படிப்பட்டது? தினமும் ஒரு மணி நேரமா, வாரக் கடைசியில் ஒரேயடியாக ஐந்து மணி நேரமா, இல்லை பத்து நாளைக்கு ஒருமுறை எப்போதாவதா? இரண்டாவது, ஆடி முடித்த மறுநாள் அதைப் பற்றி யாரிடம், என்ன பேசப்போகிறீர்கள்? இந்த இரண்டாவது கேள்வியைப் பலரும் வேடிக்கை என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த வகை ஆட்டங்களில் பாதி சுகம் பேச்சில்தான் இருக்கிறது. திரைக்கு முன்னால் நடப்பது வெறும் சொடுக்குகள். அது கதையாவது "நேத்து என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிக்கும்போதுதான். அந்த வாக்கியத்துக்கு அடுத்து வருவது ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு.

இந்த வகைக்கு ஆங்கில ஆட்டக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 4எக்ஸ். 1993இல் ஆலன் எம்ரிச் என்ற பத்திரிகையாளர் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளி ஆட்டம் பற்றி எழுதும்போது வைத்த பெயர். தேடு, விரி, சுரண்டு, அழி என்ற நான்கு வேலைகள், ஆங்கிலத்தில் நான்கும் 'எக்ஸ்' என்று தொடங்கும். சிவிலைசேஷன் இதில் அப்படியே பொருந்தும். மற்ற மூன்றும் முழுதாகப் பொருந்தாது. ஆனால் வாங்க வருகிறவருக்கு அந்த வகைப்பாடெல்லாம் தேவையில்லை, அவருக்கு வேண்டியது ஒரு சாம்ராஜ்யம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2

1999இல் வந்த ஆட்டம். 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்தார்கள். பிரவுசிங் சென்டர் காலத்தில் இதை ஆடியவர்கள் இன்று வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஆடுகிறார்கள். ஆன்லைனில் எதிராளி கிடைக்காமல் போவதில்லை.

இது ஒருவர் மாறி ஒருவர் ஆடும் டர்ன் முறை இல்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடும் ரியல் டைம். தொடங்கும்போது உங்களிடம் ஒரு டவுன் சென்டர் (ஊரின் மையக் கட்டடம்), மூன்று வில்லேஜர்கள் (வேலையாட்கள்), ஒரு குதிரை ஒற்றன், 200 உணவு. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, உருவாக 25 விநாடி. ஆகக் கையிருப்பில் நான்கு பேரை உருவாக்கலாம். அந்த 100 விநாடிக்குள் ஆடுகளைக் கண்டுபிடித்து உணவு சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் டவுன் சென்டர் சும்மா நிற்கும். அடுத்து காட்டுப்பன்றி. ஒரு வில்லேஜர் போய்ப் பன்றியை அடித்துவிட்டுத் திரும்பி ஓட வேண்டும். அது துரத்திக்கொண்டு வரும். டவுன் சென்டர் அருகே மற்றவர்கள் காத்திருந்து சேர்ந்து அடிக்க வேண்டும். ஓடுகிறவனை ஒரு கணம் கவனிக்காமல் விட்டால் அவன் காலி. பிறகு காலம் காலமாக ஏற வேண்டும்: ஃப்யூடல் காலத்துக்குப் போக 500 உணவு, காசில் (கோட்டை) காலத்துக்கு 800 உணவும் 200 தங்கமும், இம்பீரியலுக்கு 1000 உணவும் 800 தங்கமும். போர்த்திறமை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதில் முக்கால்வாசி இந்தக் கணக்குதான். டவுன் சென்டர் எத்தனை விநாடி சும்மா நின்றது என்பதில் தோல்வி தொடங்கிவிடும். ஈட்டியும் குதிரையும் அப்புறம்தான்.

இங்கே ஒரு தமிழ்ச் சங்கதி உண்டு. 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம் வந்தது. அதுவரை 'இந்தியர்' என்ற ஒரே பெயரில் இருந்ததை இந்துஸ்தானியர் என்று மாற்றி, கூடவே வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று புதிய இனங்களைச் சேர்த்தார்கள். திராவிட வில்லேஜரைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். இராஜேந்திர சோழனை வைத்து ஒரு கேம்பெய்னும் (தனியாக ஆடும் கதைத் தொடர்) உண்டு. சுருள்வாள் வீரனுக்கு உருமி என்றே பெயர், திரிசடை என்றொரு போர்க்கப்பலும் இருக்கிறது. ஒவ்வொரு காலம் தாண்டும்போதும் 200 மரம் இலவசம், அதனால் தண்ணீர் உள்ள வரைபடத்தில் துறைமுகம் சட்டென்று எழும். ஆனால் நைட் எனப்படும் கவசக் குதிரைப்படை கிடையாது. திறந்த வெளியில் குதிரைக்காரர்களிடம் மாட்டினால் திண்டாட்டம்தான். சோழர், பாண்டியர், சேரர் என்று தனித்தனியாக இல்லாமல் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் அந்த வருத்தம் போய்விடும், அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

நண்பர்களோடு ஓர் ஆட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் முழுதும் உங்களுடையதாக இருக்க வேண்டும். காலிங் பெல் அடித்தது, பால் பொங்கியது என்று நடுவில் எழுந்து போக முடியாது. எதிரில் இருப்பவருக்கு அது மரியாதையும் இல்லை. தனியாகக் கேம்பெய்ன் ஆடினால் இந்தத் தொல்லை இல்லை, நினைத்த இடத்தில் சேமித்துவிட்டு எழுந்துவிடலாம்.

இதன் மறுநாள் பேச்சு கிரிக்கெட் மேட்சுக்கு அடுத்த நாள் டீக்கடைப் பேச்சு மாதிரி. எந்த நிமிடத்தில் தவறு நடந்தது, சுவரை ஏன் அந்தப் பக்கம் கட்டவில்லை, உதவி கேட்டபோது நீ எங்கே போனாய். ரெக்கார்டிங் இருப்பதால் ஆதாரமும் காட்டலாம். வாய்ச்சண்டைக்கு இது போதும். ஆனால் அந்த மேட்ச் அந்த மேட்சோடு சரி. நீங்கள் கட்டிய நகரத்தின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது, அதற்குப் பெயரே கிடையாது.

சிவிலைசேஷன் 6

முதல் சிவிலைசேஷன் 1991இல் வந்தது. சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து செய்தார்கள். அதே ஷெல்லிதான் பிறகு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் உருவாக்கிய குழுவிலும் இருந்தார். இரண்டு ஆட்டங்களும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொன்னால் தப்பில்லை. ஆறாம் பாகம் 2016இல் வெளியானது.

டர்ன் முறை என்பதால் உலகம் உங்களுக்காகக் காத்திருக்கும். பாதியில் லேப்டாப்பை மூடலாம். பத்து நாள் கழித்துத் திறந்தாலும் வரைபடத்தைப் பார்த்த உடனே எங்கே விட்டோம் என்று புரிந்துவிடும். நகரம் அங்கே, மலை இங்கே, எல்லையில் எதிரிப் படை. இந்த ஒரு குணத்துக்காகவே வேலைச்சுமை அதிகம் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்வேன். சாதாரண வேகத்தில் முழு ஆட்டம் 500 டர்ன், 'ஆன்லைன்' வேகத்தில் 250. முதல் முறை ஆடுகிறவர்கள் தயங்காமல் 250ஐ எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் பாகத்தின் உயிர் அதன் மாவட்டங்களில் இருக்கிறது. முந்தைய பாகங்களில் நூலகம், சந்தை, கோயில் எல்லாம் ஒரே நகரக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். இதில் கல்விக்கு ஒரு கட்டம், வணிகத்துக்கு ஒரு கட்டம், வழிபாட்டுக்கு ஒரு கட்டம் என்று நிலத்தில் பிரித்து வைக்க வேண்டும். கல்வி மாவட்டத்தை ஒட்டி மலை இருந்தால் ஒரு மலைக்கு ஒரு அறிவியல் புள்ளி. மூன்று மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு கிடைத்துவிட்டால் டர்னுக்கு மூன்று புள்ளி, அதுவும் ஆட்டம் முடியும்வரை. வணிக மாவட்டத்துக்கு ஆற்றங்கரை வேண்டும். இப்போது அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆறும் ஓடுகிறது, நல்ல விளைநிலமும் அதுதான் என்று வையுங்கள். எதை எங்கே வைப்பது? வீடு கட்ட மனை வாங்கியவர் பிளான் போடுவது போலத் தாளில் வரைந்து பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும்.

எனவே இதன் மறுநாள் பேச்சில் படம் காட்டித்தான் பேசுவார்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "நீயா இருந்தா முதல் நகரத்தை எங்க வைப்ப?" என்று கேட்பார்கள். ஒருவர் கடற்கரை என்பார், ஒருவர் இரண்டு கட்டம் தள்ளி மலையடிவாரம் என்பார். யார் சரி என்று தெரிய நூறு டர்ன் ஆகும், அதற்குள் எல்லாரும் அதை மறந்திருப்பார்கள். சண்டையில்லாத, இதமான பேச்சு.

குறை இருக்கிறது. கணினி எதிரிக்குப் போர் செய்யவே தெரியாது. வரைபடத்தின் ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு படைதான் நிற்கலாம் என்ற விதியை அதனால் சமாளிக்க முடியவில்லை. படைகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். கடினத்தைக் கூட்டினால் எதிரிக்குப் புத்தி கூடுவதில்லை, தொடக்கத்திலேயே கூடுதல் குடியேறிகளையும் சலுகைகளையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று, ஆட்டத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு இழுவை. ஜெயிப்போம் என்று தெரிந்துவிட்ட பிறகும் இருபது நகரங்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண லேப்டாப்பில் ஒவ்வொரு டர்னுக்கும் காத்திருப்பு வேறு. தொடங்கிய ஆட்டங்களைப் பலர் முடிப்பதே இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, முதல் நூறு டர்ன்தான் சிவிலைசேஷன்.

காந்தி விவகாரத்தைச் சொல்லாமல் இந்தத் தொடரைத் தாண்ட முடியாது. முதல் பாகத்தில் இந்தியாவின் தலைவராக வரும் காந்தியின் மூர்க்க அளவு 1 என்று வைத்திருந்தார்கள், ஜனநாயகத்துக்கு மாறியதும் அதில் 2 கழிந்து, கணக்குப் பிழையால் 255 ஆகி, அணுகுண்டை வீசத் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. பலர் சத்தியம் செய்யாத குறையாக இதைச் சொல்வார்கள். அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று சிட் மெய்யர் பின்னாளில் மறுத்துவிட்டார். ஆனால் கதை அதற்குள் ஊர் சுற்றிவிட்டது. ஐந்தாம் பாகத்தில் வேண்டுமென்றே காந்திக்கு அணு ஆயுத ஆசையை உச்சத்தில் வைத்தார்கள். ஆட்டக்காரர்களின் அரட்டை ஆட்டத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது.

சோழரைத் தேடி இதற்குள் வருகிறவர்களுக்கு: ஆறாம் பாகத்தில் சோழர் தனி நாடாக இல்லை. இராஜேந்திர சோழன் மாபெரும் கடற்படைத் தலைவர்களில் ஒருவராக வருவார். புள்ளிகள் சேர்த்து அவரை உங்கள் பக்கம் இழுக்கலாம், நீங்கள் ஆடுவது நார்வேயாக இருந்தாலும் சரி. கண்டி ஒரு நகர அரசாக இருக்கிறது. சோழர் தனி நாடாக வருவது 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகத்தில்தான். தஞ்சைப் பெரிய கோயிலும் அதில் ஓர் அதிசயமாக உண்டு. ஆனால் ஏழாம் பாகத்தில் ஆட்டத்தை மூன்று யுகங்களாக வெட்டிவிட்டார்கள், யுகம் மாறினால் நாடும் மாறும் என்ற விதியோடுதான் அது வெளியானது. நடு யுகம் முழுக்கச் சோழராக உழைத்துவிட்டு, கடைசி யுகத்தில் முகலாயராக மாறும் கூத்தெல்லாம் நடக்கும். வெளியானபோது ஸ்டீம் விமர்சனங்கள் கலவையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்கு நான் ஆறைத்தான் சொல்வேன்.

க்ரூசேடர் கிங்ஸ் 3

பெயரைப் பார்த்துச் சிலுவைப் போர் ஆட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்டது. இதில் நீங்கள் ஆடுவது நாடாக அல்ல, ஓர் ஆளாக. அவர் செத்தால் வாரிசாகத் தொடர்வீர்கள். 867, 1066 போன்ற ஆண்டுகளில் தொடங்கலாம், 1453 வரை போகும். அயர்லாந்தின் குட்டிப் பிரபுவிலிருந்து பைசாந்தியப் பேரரசர் வரை யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், இந்தியா முழுவதும் வரைபடத்தில் இருக்கிறது.

1066இல் தொடங்குவதன் சுவாரசியம் நம் ஆட்களுக்குத்தான் நன்றாகப் புரியும். அப்போது சோழ அரியணையில் இருந்தவர் வீரராஜேந்திரன். நான்கே ஆண்டுகளில், 1070இல், அவர் இறக்கிறார். மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்த சில மாதங்களிலேயே கொல்லப்படுகிறான். அதன்பின் அரியணை ஏறுகிறவர் குலோத்துங்கன். அப்பா வழியில் கீழைச் சாளுக்கியர், அம்மா அம்மங்கை முதலாம் இராஜேந்திரனின் மகள். மகளை வேங்கிக்குக் கட்டிக்கொடுத்தபோது இராஜேந்திரன் போட்ட அரசியல் கணக்கு, அரை நூற்றாண்டு கழித்துப் பேரன் வடிவில் சோழ அரியணைக்கே திரும்பி வந்தது.

இந்த ஆட்டம் முழுக்க அதுதான். பெண்ணை எங்கே கொடுப்பது, அதனால் கிடைக்கும் படை உதவிக்கு என்ன விலை, பிறக்கிற பிள்ளை யார் குலத்தைச் சேரும், மூன்று மகன்கள் இருந்தால் நாடு மூன்றாகப் பிரியுமே, அதற்கு முன் ஒருவனை என்ன செய்வது. வாரிசுச் சட்டம்தான் இங்கே முதல் எதிரி. அப்பா நாற்பது ஆண்டு சேர்த்ததை மூன்று பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்வார்கள். மறுபடி ஒன்றாக்க அடுத்த நாற்பது ஆண்டு. சொத்துத் தகராறு பார்த்து வளர்ந்த எந்தக் குடும்பத்துக்காரருக்கும் பயிற்சியே தேவைப்படாது.

ஒவ்வோர் ஆளுக்கும் குணங்கள் உண்டு. இரக்க குணம் உள்ள அரசனை வைத்துக்கொண்டு கைதியின் தலையை வெட்டச் சொன்னால் வெட்டுவான், ஆனால் அவனுக்கு மன அழுத்தம் ஏறும். ஏறிக்கொண்டே போனால் குடிக்கத் தொடங்குவான், இல்லை வேறேதாவது பழக்கம் தொற்றும். கஞ்சனாக இருந்தால் தானம் கொடுப்பதே அவனுக்கு வேதனை. வெற்றிக்கு எது நல்லது என்பதும் இந்த ஆள் எதைத் தாங்குவான் என்பதும் மோதும் இடத்தில்தான் கதை பிறக்கிறது. யாராவது ஒருவருடைய ரகசியம் கையில் கிடைத்தால் அதை வைத்து மிரட்டலாம். உங்கள் ரகசியம் மாமனார் கையில் கிடைத்தால் அவரும் அதையேதான் செய்வார்.

குறைகள் உண்டு. சோழர் என்றதும் கப்பல் நினைவுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள். கடற்போரே கிடையாது. காசு கொடுத்தால் படை தானாகப் படகில் ஏறிக் கடலைக் கடக்கும், அவ்வளவுதான். போதாததற்கு, வெளியாகி ஐந்து ஆண்டுகள்வரை வரைபடத்தில் கடாரமே இல்லை. தென்கிழக்கு ஆசியாவும் சீனமும் 2025இன் கடைசியில்தான் வந்து சேர்ந்தன. போர் எளிமையானது, பெரிய படை பெரும்பாலும் ஜெயிக்கும். ஐம்பது மணி நேரம் தாண்டியதும் ஒரே நிகழ்ச்சிகள் திரும்பத் திரும்ப வருவதும் தெரியும்.

நேர விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்தை நிறுத்திவைத்து எழுந்துவிடலாம், அந்த வகையில் வசதி. ஆனால் இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். இந்தப் பெண் யார், சித்தப்பாவைக் கொல்ல ஏன் ஆள் வைத்திருக்கிறேன், மூத்தவன் ஏன் சிறையில் இருக்கிறான் என்று ஒன்றும் புரியாது. வரைபடம் இங்கே உதவாது, கதை முழுக்க உங்கள் தலைக்குள் இருந்தது. எனவே அடிக்கடி இடைவெளி விடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

பேச்சு என்று வந்தால் நான்கில் இதற்கு ஈடு கிடையாது. ஆட்டம் தெரியாதவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். "என் மகனுக்கு நல்ல இடத்துல பொண்ணு பார்த்தேன், அவ என்னையே விஷம் வச்சுக் கொன்னுட்டா" என்று ஆரம்பித்தால் சமையலறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். சிவிலைசேஷனில் மூன்று மலைக்கு நடுவே கல்வி மாவட்டம் வைத்ததைச் சொல்லி யாரையும் அப்படி இழுக்க முடியாது.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4

இதுவும் பாரடாக்ஸ், 2013. 1444 நவம்பர் 11, ஐரோப்பாவில் நடந்த வார்னா போருக்கு மறுநாள், ஆட்டம் தொடங்கும். 1821 வரை போகும். இங்கே ஆளும் கிடையாது, குடும்பமும் கிடையாது, நீங்கள் ஒரு அரசு. கடன், வட்டி, வணிகப் பாதை, கூட்டணி, கலகம். "முதல் 1444 மணி நேரம் பயிற்சி" என்று ஆடுகிறவர்களே கேலி செய்வார்கள். கேலியில் பாதி உண்மை.

விஜயநகரத்தை எடுத்துக்கொண்டால் தொடக்கத்தில் அரசர் இரண்டாம் தேவராயர், வடக்கே பாமினி சுல்தானகம். அடித்துப் பிடிக்கப் படை இருக்கிறது. ஆனால் ஒரே மூச்சில் நாலைந்து மாவட்டங்களைப் பிடித்தால் சுற்றி இருப்பவர்கள் எல்லாரிடமும் உங்கள் பெயர் கெடும். கெட்ட பெயர் ஓர் அளவைத் தாண்டினால் நேற்றுவரை தங்களுக்குள் அடித்துக்கொண்டவர்கள் உங்களுக்கு எதிராகக் கூட்டுச் சேர்வார்கள். 1565இல் தலைக்கோட்டையில் சுல்தான்கள் கூடி விஜயநகரத்தைத் தோற்கடித்ததைப் படித்தவருக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். பிடித்துவிட்டு எத்தனை ஆண்டு அடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் வித்தை.

இதில் பேச்சு சரித்திர விவாதமாகிவிடும். மறுமலர்ச்சி, குடியேற்றம், அச்சு என்று காலத்தை மாற்றும் சக்திகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் பிறந்து மெல்லப் பரவும்படி ஆட்டத்தை வைத்திருக்கிறார்கள். அவை எட்டாத நாடுகளுக்குத் தொழில்நுட்பம் விலை கூடிக்கொண்டே போகும். தென்னிந்தியாவாக ஆடுகிறவர் ஒரே மாவட்டத்தில் புள்ளிகளைக் கொட்டி வளர்த்து, மறுமலர்ச்சியை ஹம்பியிலேயே பிறக்க வைக்கும் தந்திரம் செய்வார். உலகத்தை ஐரோப்பியக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்வார். பெயரே அதுதானே என்பார் இன்னொருவர். இரண்டுமே நியாயம். இப்படிப் பேச ஆள் இருந்தால் இந்த ஆட்டம் சொர்க்கம், இல்லையென்றால் வரவு செலவுக் கணக்கு.

ஐந்தாம் பாகம் 2025 நவம்பரில் வந்தது, 1337இல் தொடங்குகிறது. அதாவது விஜயநகரம் கைக்குழந்தையாக இருக்கும் காலம், மதுரையில் சுல்தான்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்காம் பாகத்தைவிடக் கனமான கணினி கேட்கும். முதல் ஆட்டமாக இதைத் தொட வேண்டாம்.

காசு, கணினி, கூட்டாளிகள்

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஏஜ் 2ஐ எடைபோட அந்த இரண்டு மணி நேரம் தாராளம். சிவிலைசேஷனுக்கு ஓரளவு போதும். பாரடாக்ஸ் ஆட்டங்களில் இரண்டு மணி நேரத்தில் பொத்தான்களின் விளக்கத்தைக்கூடப் படித்து முடித்திருக்க மாட்டீர்கள். எனவே அவற்றை வாங்கும் முன் யாராவது ஆடுகிற வீடியோவை ஒரு மணி நேரம் பாருங்கள். சலிக்காமல் பார்க்க முடிந்தால் வாங்கலாம்.

பாரடாக்ஸ் ஆட்டங்கள் தள்ளுபடியில் மலிவாகத் தெரியும், பின்னால் டிஎல்சி எனப்படும், தனியாக வாங்க வேண்டிய கூடுதல் பகுதிகள் வரிசை கட்டி நிற்கும். பயப்பட வேண்டாம். க்ரூசேடர் கிங்ஸ் 3 அடிப்படை ஆட்டமே நிறைவானது, முதல் ஆறு மாதத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை. யூரோப்பா 4 அப்படி இல்லை, டிஎல்சி இல்லாமல் கொஞ்சம் மொட்டையாக இருக்கும். எல்லாவற்றையும் மாதச் சந்தாவில் பெறும் வழி இருக்கிறது, ஒரு மாதம் மட்டும் கட்டிப் பார்க்கலாம். நண்பர்களோடு ஆடினால் இன்னொரு லாபம்: பாரடாக்ஸ் ஆட்டங்களில் ஆட்டத்தை நடத்துகிறவரிடம் டிஎல்சி இருந்தால் போதும், மற்றவர்களுக்கும் அது திறந்துகொள்ளும். சிவிலைசேஷன் 6இல் விரிவாக்கத்தோடு சேர்ந்து ஆட எல்லாரும் வாங்கியிருக்க வேண்டும். ஏஜ் 2இல் டிஎல்சி இனத்தை எதிர்த்து ஆடக் காசு வேண்டாம், அந்த இனமாக ஆடத்தான் வேண்டும்.

வீட்டில் ஒரே லேப்டாப், இரண்டு பேர் என்றால் சிவிலைசேஷன் 6இல் ஹாட்சீட் உண்டு. ஒருவர் டர்ன் முடித்து நகர, அடுத்தவர் உட்காரலாம். அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்று ஆடுகிறவர்களுக்கு இந்த நான்கில் அதுதான் சரி. அடுத்தவர் ஆடும்போது எட்டிப் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலக லேப்டாப்பில் ஏஜ் 2ஐ அமைப்புகளைக் குறைத்து ஓட்டலாம், கூட்டம் அதிகமான எட்டுப் பேர் ஆட்டத்தில் மட்டும் திணறும். அதுவும் முடியாது, போன்தான் இருக்கிறது என்பவர்கள் அன்சிவ் என்ற இலவச ஆட்டத்தை ஆண்ட்ராய்டில் இறக்கிப் பார்க்கலாம். சிவிலைசேஷன் 5ஐ அடியொற்றி ஆர்வலர்கள் எழுதிய திறமூல ஆட்டம். அழகு கிடையாது, ஆனால் பஸ்ஸில் மூன்று நகரம் கட்டிவிடலாம்.

சரி, ஒன்றே ஒன்று வாங்க வேண்டும், பதில் சொல் என்றால்: பழைய கூட்டாளிகள் மூன்று பேராவது வாரம் ஒருநாள் ஒன்பது மணிக்கு உட்காரத் தயார் என்றால் ஏஜ் 2, வேறு யோசனையே வேண்டாம். ஆள் சேராது, தனியாகத்தான், அதுவும் விட்டு விட்டுத்தான் என்றால் சிவிலைசேஷன் 6. தொடர்ந்து சில வாரம் தினமும் நேரம் கிடைக்கும், வீட்டில் கேட்க ஒரு காது இருக்கிறது என்றால் க்ரூசேடர் கிங்ஸ் 3. என் சொந்தக் காசுக்கு நான் எடுப்பது அதைத்தான், கப்பல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. யூரோப்பா 4ஐ யாருக்கும் முதல் ஆட்டமாகச் சொல்லமாட்டேன். மற்ற மூன்றில் ஒன்றை ஆடிச் சலித்த பிறகு, ஒரு மாதச் சந்தா, விஜயநகரம், வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு முதல் பத்து ஆண்டு யாரையும் அடிக்காமல் ஆடிப் பாருங்கள்.